பிரிஸ்டலின் இரவுப் பந்தயம்

சாதாரணக் கார்களின் தோற்றத்தில் இருக்கும் கார்கள் நீள்வட்டத் தடத்தில் ஓடும் ஸ்டாக் கார் பந்தயத்தை இரவில்தான் பார்க்க வேண்டும் என்று அடித்துச் சொல்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் விளக்கைப் போட்டு நடத்திவிட்டால் மட்டும் ஒரு பந்தயம் இரவுப் பந்தயமாகிவிடாது என்பதையும் கையோடு சொல்லிவிட வேண்டும். புளோரிடாவின் டேடோனா தடம் இரண்டரை மைல் நீளமானது. விளக்கொளியில் முப்பது, நாற்பது கார்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அங்கே பாய்ந்து வருவது அழகுதான் என்றாலும், அவை எதிர்ப்பக்க நேர்ப்பாதைக்குப் போன பிறகு நாம் பெரிய திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திரையில் பார்ப்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். டென்னசி மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், மலைகளுக்கு நடுவே, 0.533 மைல் சுற்றளவே உள்ள பிரிஸ்டல் தடத்தில் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை இரவு 500 சுற்றுகள் ஓடுகிறார்களே, என் ஓட்டு அதற்குத்தான்.

1961இல் திறக்கப்பட்ட இந்தத் தடத்தில், அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் இரவுப் பந்தயம் 1978 ஆகஸ்டில் தொடங்கியது. அன்று வென்றவர் கேல் யார்பரோ. பிற்பாடு தடத்தைச் சுற்றிலும் பார்வையாளர் மாடங்களை உயர உயர எழுப்பிக்கொண்டே போனதில், இப்போது அது ஒரு பிரம்மாண்டமான அண்டாவைப் போல ஆகிவிட்டது. அடியில் கார்கள் சுழல்கின்றன. சுவர் முழுவதும் மனிதர்கள். 2016இல் இதன் நடுவே கல்லூரிகளுக்கிடையிலான அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றை நடத்தியபோது 1,56,990 பேர் வந்திருந்தார்கள் என்றால் அளவைப் புரிந்துகொள்ளலாம். மேல் வரிசையில் உட்கார்ந்தால் தடத்தின் ஒவ்வோர் அங்குலமும் கண்ணில் படும். யார் யாரை எங்கே இடித்தார் என்று எவரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

‘இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருப்பதில் அப்படி என்ன இருக்கிறது?’ என்று ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகிய நண்பர்கள் கேட்பதுண்டு. இருப்பது நெரிசல்தான். ஒரு சுற்றுக்குப் பதினைந்து, பதினாறு வினாடிகளே ஆகும் இந்தத் தடத்தில் நாற்பது கார்கள் வரை இறங்கினால், பச்சைக் கொடி காட்டிச் சிறிது நேரத்திலேயே முதலில் போகிறவர் கடைசியில் போகிறவரின் முதுகைப் பிடித்துவிடுகிறார். அதன் பிறகு முன்னணி என்றோ பின்வரிசை என்றோ எதுவும் கிடையாது. எங்கு பார்த்தாலும் யாரோ யாரையோ முந்தப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்; முதலிடத்துக்காகப் போராடும் இருவருக்கு நடுவே இருபத்தெட்டாம் இடத்துக்காகப் போராடும் இருவர் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இருபத்தெட்டு பாகைவரை சாய்ந்திருக்கும் வளைவுகளில் ஓட்டுநருக்கு மூச்சு விடவும் நேரமில்லை. நேர்ப்பாதை என்று சொல்லப்படுவது, ஒரு வளைவிலிருந்து வெளியே வந்து அடுத்ததற்குள் நுழைவதற்கான இடைவெளிதான்.

இந்த நெரிசலை முழுமையாக அனுபவிக்க வேண்டுமானால் ஸ்கேனர் எனப்படும் வானொலிக் கருவியை வாடகைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர்கள் தங்கள் குழுவினருடன் பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது இந்த விளையாட்டு ரசிகருக்குக் கொடுத்திருக்கும் பெரிய சலுகை. மாடத்தின் உச்சியில் நின்று சுற்றிலும் வரும் கார்களைப் பார்த்துச் சொல்லும் ஸ்பாட்டர் தன் ஓட்டுநரிடம், ‘உள்ளே ஒருவர், இன்னும் உள்ளேதான், பின்சக்கரம் வரை வந்துவிட்டார், விட்டுவிட்டார், இப்போது தாராளம்’ என்று ஏலம் போடும் வேகத்தில் ஓதிக்கொண்டே இருப்பார். ஓட்டுநர் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. சொல்லும்போது அது யாரைப் பற்றிய வசவு என்பது அடுத்த வளைவில் தெரிந்துவிடும். ஹெட்போனுக்குள் காதடைப்பானும் வைத்துக்கொள்வது நல்லது. இந்த அண்டாவுக்குள் எழும் சத்தம் வெளியே போக வழியில்லாமல் நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும்.

இரவின் பங்கு என்ன என்று கேட்டால், பகலில் கண்ணுக்குத் தெரியாதவை இரவில் தெரிகின்றன என்பதே முதல் பதில். வளைவுக்குள் நுழையும்போது ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பக்கவாட்டுப் புகைக்குழாயிலிருந்து நீல நுனியோடு ஒரு தீ நாக்கு வெளியே வந்து மறையும். ஒவ்வொரு காருக்கும் அது ஒவ்வொரு விதம். வர்ஜீனியாவின் மார்டின்ஸ்வில் தடத்தில், 2017 முதல் விளக்குகள் வந்த பிறகு, இன்னொன்றையும் பார்க்க முடிகிறது. அங்கே வளைவுகள் கொண்டையூசிபோல் குறுகியவை, சாய்வும் குறைவு என்பதால் பிரேக்கை ஓங்கி மிதித்தாக வேண்டும். அப்போது சக்கரத்தின் கம்பிகளுக்கு உள்ளே பிரேக் தட்டுகள் செம்மஞ்சளாகப் பழுத்துக் கனல்வது மாடத்திலிருந்தே தெரியும். பிரிஸ்டலில் தாழ்ந்த வரிசைகளில் உட்கார்ந்தவர்களுக்கு வேறொரு பிரசாதமும் உண்டு. தேய்ந்த டயரின் கரிய துணுக்குகள் கம்பிவேலியைத் தாண்டி வந்து தலையிலும் தோளிலும் கையிலிருக்கும் நொறுக்குத் தீனியிலும் விழுந்துகொண்டே இருக்கும். பழகியவர்கள் அதை ஊதித் தள்ளிவிட்டுத் தின்கிறார்கள்.

விளக்கு விஷயத்தில் திருப்புமுனை என்று சொல்லத்தக்கது 1992 மே மாதம் வட கரோலினாவின் சார்லட்டில் நடந்தது. ஒன்றரை மைல் நீளமுள்ள பெருந்தடத்துக்கு விளக்குப் போட்டால் ஓட்டுநரின் கண் கூசும், கம்பங்களை நிறுத்தினால் பார்வை மறையும் என்ற சிக்கலை ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த மஸ்கோ நிறுவனம் கண்ணாடிகளைக் கொண்டு தீர்த்தது. தாழ்வாக வைத்த விளக்குகளின் ஒளி கண்ணாடிகளில் பட்டுத் தடத்தின்மேல் விழும். விளக்கு நேரடியாக ஓட்டுநரின் கண்ணில் படாது. அந்த ஏற்பாட்டின் கீழ் நடந்த நட்சத்திரப் பந்தயத்தில், கடைசிச் சுற்றில் முதலில் போய்க்கொண்டிருந்த டேல் எர்ன்ஹார்ட் சுழன்று விலக, கைல் பெட்டியும் டேவி அலிசனும் முட்டிக்கொண்டே கோட்டைக் கடந்தார்கள். வென்ற அலிசன் அதே வேகத்தில் சுவரில் மோதி, வெற்றி மேடைக்குப் போக வேண்டியவர் மருத்துவமனைக்குப் போனார். அதன்பின் பெருந்தடங்கள் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டன. டேடோனாவுக்கு 1998இல் வந்தது. ஜூலையில் நடக்கவிருந்த முதல் இரவுப் பந்தயம் காட்டுத்தீயால் அக்டோபருக்குத் தள்ளிப்போனது.

ஆனாலும் இரவு என்றால் என் நினைவுக்கு வருவது சார்லட்டோ டேடோனாவோ அல்ல, பிரிஸ்டலில் எர்ன்ஹார்டும் டெர்ரி லபான்டியும் இரண்டு முறை தீர்த்துக்கொண்ட கணக்குதான். 1995 ஆகஸ்டில், கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் எர்ன்ஹார்ட் பின்னாலிருந்து இடிக்க, லபான்டி பக்கவாட்டில் சறுக்கியபடியே கோட்டைக் கடந்து ஜெயித்தார். நசுங்கிப்போன காரையே வெற்றி மேடைக்குக் கொண்டு போனார்கள். 1999 ஆகஸ்டில் அதே இருவர், அதே கடைசிச் சுற்று. புது டயர்களோடு பின்னாலிருந்து ஏறி வந்த லபான்டி, கடைசிச் சுற்றுக்கான வெள்ளைக் கொடி காட்டும் நேரத்தில் எர்ன்ஹார்டை முந்திவிட்டார். அடுத்த வளைவிலேயே எர்ன்ஹார்ட் அவரை இடித்துச் சுழற்றிவிட்டுப் போய் வென்றார். சுழற்ற நினைக்கவில்லை, சற்று உலுக்கிப் பார்க்கத்தான் நினைத்தேன் என்று அவர் பிறகு சொன்ன விளக்கம் இன்றுவரை ரசிகர்கள் வாயில் புழங்குகிறது. அன்று மாடம் முழுவதும் எழுந்த கூச்சலை ஒளிப்பதிவில் கேட்டாலே மயிர்க்கூச்செறியும். அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய தெற்கத்திய ஊர்க்காரர்களே அன்று அவரைப் பார்த்துக் கத்தினார்கள். அந்தக் கூட்டம் சரியாகத்தான் கத்தியது என்பது என் எண்ணம். அவருடைய வெற்றி செல்லாது என்றும் நான் சொல்லமாட்டேன். இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டிய விளையாட்டு இது.

இத்தனை மோதலுக்கும் காரணம் ஓட்டுநர்களின் குணம் மட்டுமல்ல, தடமும்தான். 1992இல் தார்ப்பரப்பை நீக்கிக் கான்கிரீட் போட்ட பிறகு, வேகமாகப் போவதற்கு உள்விளிம்பை ஒட்டிய ஒரே ஒரு வழிதான் இருந்தது. முன்னே போகிறவர் அந்த வழியை விட்டுக்கொடுக்காவிட்டால் பம்பரால் தட்டி மேலே நகர்த்தினால்தான் உண்டு. தட்டு வாங்கியவர் அதை மனதில் குறித்துவைத்துக்கொள்வார். 2007இல் நிர்வாகத்தார் நல்லெண்ணத்தோடு கான்கிரீட்டைப் புதிதாகப் போட்டு, வளைவின் மேற்பகுதி கூடுதலாகச் சாயும்படி அமைத்தார்கள். இரண்டு, மூன்று கார்கள் பக்கம் பக்கமாக ஓட முடிந்தது, ஓட்டுநர்கள் மகிழ்ந்தார்கள், முந்துவதற்கு யாரையும் இடிக்கத் தேவையில்லாமல் போயிற்று. ரசிகர்கள் டிக்கெட் வாங்குவதை நிறுத்தினார்கள். 2012 வசந்தப் பந்தயத்தில் இருக்கைகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்த உரிமையாளர் புரூட்டன் ஸ்மித், மேல்விளிம்பைச் சுரண்டி எடுத்து எல்லாரையும் பழையபடி கீழே தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டார். கணக்கு பிசகியது. ஓட்டுநர்கள் கீழே வராமல் சுவரை ஒட்டிய உச்சி வழியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் வழி மறுபடியும் ஒன்றே ஒன்றாகிவிட்டதால், அந்த ஆகஸ்டு இரவில் முதலிடத்துக்காக மோதிய டோனி ஸ்டுவர்ட்டும் மாட் கென்செத்தும் சேர்ந்தே சுழன்றார்கள். காரை விட்டு இறங்கிய ஸ்டுவர்ட் கென்செத் திரும்பி வரும்வரை காத்திருந்து, இரண்டு கைகளாலும் தலைக்கவசத்தைத் தூக்கி அவர் காரின் மூக்கில் எறிந்தார். அன்று மாடத்தில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டவர்கள் உரிமையாளரின் பணம் வீண் போகவில்லை என்றார்கள்.

நல்ல சாலை நல்ல பந்தயத்தைத் தரும் என்று பொறியாளர்கள் நினைப்பது இயல்பு. ரசிகனாகக் கேட்டால், எனக்கு ஒரு குறையுள்ள தடம்தான் வேண்டும். 2022இல் வந்த புதிய தலைமுறைக் கார் இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய ஏமாற்றம். அகன்ற டயர், பெரிய பிரேக், எல்லாக் குழுவினருக்கும் ஒரே உதிரிபாகங்கள் என்றாகிவிட்டதால் யாரும் யாரையும்விடப் பெரிதாக வேகமில்லை. குறுந்தடங்களில் முந்துவது குதிரைக்கொம்பாகிவிட்டது. 2024 மார்ச்சில் மட்டும் பிரிஸ்டலில் எதிர்பாராத ஒன்று நடந்தது. டயர்கள் தாறுமாறாகத் தேய்ந்தன. வேகமாகப் போனவர்கள் டயரைத் தின்றுவிட்டுப் பின்தங்க, பொறுத்துப் போனவர்கள் முன்னேற, முன்னணி 54 முறை கைமாறியது. குறுந்தடங்களில் அதுவரை இல்லாத கணக்கு அது. டென்னி ஹாம்லின் வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில், நாங்கள் ஆசையோடு காத்திருந்த இரவுப் பந்தயத்தில் டயர் தேயவே இல்லை. கைல் லார்சன் 500 சுற்றுகளில் 462 சுற்றுகளை முன்னணியிலேயே ஓட்டி முடித்தார். லார்சனின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று பக்கத்து வரிசையில் ஒருவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார், அத்தனை சத்தத்திலும்.

வெப்பநிலை செய்யும் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சார்லட்டில் மே மாத இறுதியில் நடக்கும் 600 மைல் பந்தயம் மாலை வெயிலில் தொடங்கி இரவில் முடிகிறது. வெயிலில் வழுக்கிய தடம் பொழுது சாய்ந்ததும் பிடி கொடுக்கத் தொடங்கும். பின்பக்கம் அலைந்துகொண்டிருந்த கார், இப்போது முன்சக்கரம் திரும்ப மறுத்து வெளிச்சுவரை நோக்கி இழுக்கும். அனுபவமுள்ள குழுத்தலைவர்கள் பகல் பொழுதில் பத்தாம் இடத்தில் கிடந்தாலும் கவலைப்படாமல், இருட்டிய பிறகு சரியாக ஓடும்படி காரைத் தயாரித்துக்கொண்டு வருவார்கள். பின்கண்ணாடித் துளை வழியாக நீண்ட திருகியை விட்டு ஸ்பிரிங்கை அரைச்சுற்றோ கால்சுற்றோ திருகுவதைக் கவனித்தால், யார் எந்த நேரத்துக்காகக் காத்திருக்கிறார் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

பிரிஸ்டலில் ஏமாந்த ஆண்டுகளில் நான் மனதைத் தேற்றிக்கொள்ளப் போவது வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்துக்கு. நகராட்சிக்குச் சொந்தமான போமன் கிரே மைதானத்தில் கால்பந்துத் திடலைச் சுற்றிக் கால் மைல் தட்டையான தடம் ஒன்று இருக்கிறது. 1949 முதல் கோடைக்காலச் சனிக்கிழமை இரவுகளில் அங்கே பந்தயம் நடந்துவருகிறது. பின்னாளில் எர்ன்ஹார்டின் குழு உரிமையாளராக விளங்கிய ரிச்சர்ட் சில்ட்ரெஸ் சிறுவயதில் அங்கே வேர்க்கடலை விற்றவர். சாய்வும் கிடையாது, அகலமும் கிடையாது. இடிக்காமல் முந்துவது எப்படி என்பதை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. 2025 பிப்ரவரியில் நாஸ்காரே தன் பெரிய கார்களை அங்கே கொண்டுவந்து பருவத்தின் முதல் காட்சிப் பந்தயத்தை நடத்தியது. சேஸ் எலியட் வென்றார். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது மாடிஃபைடு எனப்படும், சக்கரங்கள் வெளியே தெரியும்படி மாற்றியமைத்த கார்களில் உள்ளூர்க்காரர்கள் ஓட்டும் பந்தயத்தைத்தான். சீக்கிரமே போய்விடுங்கள், நான்காம் வளைவுக்கு மேலே உட்கார்ந்தால் அங்கே எழும் கூச்சலிலிருந்தே பழைய பகைகளில் பாதியைக் கற்றுக்கொள்ளலாம், மீதியைப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்காமலேயே சொல்லிவிடுவார்கள்.