தீவட்டிப் பலகை

ஜனவரி 12, 2025, ஞாயிறு

புறவழிச்சாலை வந்த பிறகு யாரும் எட்டிப் பார்க்காத பழைய சாலையில் இன்று ஆறு கிலோமீட்டர் நடந்தேன். பழைய சாலைப் பலகை தேடுகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். அகலப்படுத்திய சாலையில் ஒன்றும் மிஞ்சாது, ஓரத்தில் நின்றதெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருக்கும். புதுச்சாலை ஒதுங்கிப் போய், பழையது கேட்பாரற்றுக் கிடந்தால்தான் நமக்கு வேட்டை.

முதல் நான்கு கிலோமீட்டரில் பெரிதாக ஒன்றுமில்லை. பெயின்ட் முழுக்க உதிர்ந்த ஒரு வளைவுப் பலகை. கழுத்து வரை மண்ணில் புதைந்த ஒரு மைல்கல். தோண்டிப் பார்க்கக் கை பரபரத்தது, ஆனால் கையில் இருந்தது தண்ணீர் பாட்டில் மட்டும்தான்.

அப்புறம் ஒரு வளைவு தாண்டி, முள்புதருக்குள் ஒரு கம்பம். அதன் உச்சியில் முக்கோணம். இன்றைய முக்கோணம் மாதிரி உள்ளே படம் போட்டது இல்லை. வெறும் விளிம்பு மட்டும், நடுவில் வானம் தெரிகிறது. அதற்குக் கீழே தனியாக ஒரு சின்னப் பலகை. பார்த்ததுமே எனக்கு மூச்சு வாங்கியது. கையில் இரண்டு கீறல் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

பலகை மேல் பாசியும் தூசியும். கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். முதலில் ஒரு கூம்பு தெரிந்தது. மேலே துடைத்தால் நெளிநெளியாக ஏதோ. கோன் ஐஸ்! ஐஸ் வண்டிக்கு எதற்குச் சாலையில் எச்சரிக்கை என்று நானே சிரித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் துடைத்த பிறகுதான் புரிந்தது. அது தீவட்டி. எரிகிற தீவட்டி.

ஜனவரி 13, திங்கள்

நேற்று இரவு தூக்கமில்லை. தீவட்டி என்றால் பள்ளிக்கூடம். அறிவுச் சுடர் என்கிறோமே, அதேதான். 1930களில் இங்கிலாந்தில் பள்ளிக்கு முன்னால் வைத்த எச்சரிக்கைப் பலகையில் இந்தப் படம்தான் இருந்தது. வெற்று முக்கோணம் மேலே, படம் போட்ட பலகை கீழே என்ற அமைப்பு அவர்கள் ஆட்சி நடந்த பல நாடுகளுக்கும் போனது.

யோசித்தால் இது விசித்திரமான குறியீடு. ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியது ‘குழந்தைகள் குறுக்கே ஓடுவார்கள்’ என்பது. சொன்னதோ ‘இங்கே கல்வி எரிந்துகொண்டிருக்கிறது’ என்று. பிறகு பையனும் பெண்ணும் நடக்கும் படம் வந்தது. அதில் தொப்பி போட்ட பையன் முன்னால், சிறுமி பின்னால். 1960களில் ஜாக் கின்னெயிரும் மார்கரெட் கால்வெர்ட்டும் அந்த நாட்டின் பலகைகளை எல்லாம் மாற்றி வரைந்தபோது, கால்வெர்ட் இதைத் திருப்பிப் போட்டார். பெரிய பெண் முன்னால் போகிறாள், சின்னப் பையனைக் கையில் பிடித்திருக்கிறாள். அந்தப் பெண்ணைத் தன்னுடைய சிறுவயதுப் படத்தைப் பார்த்து வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மாடு எச்சரிக்கைப் பலகைக்கும் நிஜ மாடு ஒன்று மாதிரியாக நின்றிருக்கிறது, உறவினர் பண்ணையில் இருந்த பேஷன்ஸ் என்ற பசு.

1909இல் பாரிஸில் பல நாடுகள் கூடிப் பேசி ஒத்துக்கொண்ட படங்கள் மொத்தம் நான்குதான்: மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, ரயில்வே கேட். பள்ளிக்கூடம் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த வேலையில் எனக்கு இருபது வருடம் மூத்தவர். புதரை விலக்கி நுழைந்தவர் தீவட்டியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய்விட்டார்.

“மூஞ்சியை எல்லாரும்தான் பார்ப்பாங்க தம்பி. முதுகைப் பாரு.”

முதுகும் கறுப்பு எனாமல். எனாமல் என்பது பெயின்ட் இல்லை, கண்ணாடி. கண்ணாடிப் பொடியை இரும்புத் தகட்டில் பூசி, 800 டிகிரி அளவு சூட்டில் சூளையில் வைத்து உருக்கி ஒட்ட வைப்பது. ஒரு பக்கம் மட்டும் பூசினால் தகடு கோணிக்கொள்ளும், அதனால் முதுகுக்கும் பூச்சு. இந்தக் கண்ணாடியை வெயில் ஒன்றும் செய்யாது. பெயின்ட் அடித்த பலகையில் முதலில் போவது சிவப்புதான். சிவப்பு வளையம் வெளுத்துப்போய், கறுப்பு எண் மட்டும் நிற்கும் வேக வரம்புப் பலகைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். எனாமலுக்கு எதிரி அடி மட்டுமே. எங்கே அடிபட்டுச் சில்லு பெயர்கிறதோ அங்கிருந்து துரு புறப்படும்.

இதில் அடி நிறைய. எண்ணினேன், பதினேழு. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வட்டமாக, நடுவில் கறுந்துரு, சுற்றி சிலந்திவலை மாதிரி மெல்லிய விரிசல்.

“கல்லெறி,” என்றார் அண்ணன். “பள்ளிக்கூடத்துப் பலகை வேற எதால அடி வாங்கும்?”

பதினேழில் பதினொன்று தீச்சுடரின் மேலேயே விழுந்திருக்கிறது. நல்ல குறி.

நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கம் இருந்த ஒரே வீட்டிலிருந்து ஒரு பாட்டி வந்து நின்றார். இடுப்பில் கை. “என்ன அளக்குறீங்க? ரோடு போடப் போறாங்களா?”

“இல்ல பாட்டி, சும்மா. பழைய போர்டு, அதான் பார்க்கிறோம்.”

“பழசுன்னா?”

“உங்க வயசு இருக்கும்,” என்றார் அண்ணன். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் வண்டி ஏறும் வரை அங்கேயே நின்றார்.

ஜனவரி 25, சனி

இரவு வேட்டை. ஒரு டார்ச் லைட்டை நெற்றிப் பக்கம் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒளி திரும்பி வருகிற விதத்தை வைத்தே பாதி வயது சொல்லிவிடலாம். எனாமல் பளபளக்கும், ஆனால் கண்ணாடி ஜன்னல் மாதிரி ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடும், நம்மிடம் திரும்பி வராது. எழுத்தின் கோடு நெடுகக் கண்ணாடிக் குமிழ்கள் பதித்த பலகை என்றால் அடுத்த தலைமுறை. அதற்கும் பிறகு வந்தது நுண்மணிகள் ஒட்டிய தாள். ஒவ்வொரு மணியும் உள்ளே வந்த ஒளியை வளைத்து, முதுகில் மோதவிட்டு, வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். 3எம் நிறுவனம் இதை ஸ்காட்ச்லைட் என்ற பெயரில் விற்றது.

வண்டியை ‘நில்’ என்று சொல்லும் நிறுத்தப் பலகையின் கதையிலும் இதே மாதிரி ஒரு பிரச்சினை, வெயிலில் வெளுக்கும் நிறம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் 1915இல் வைத்தது வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. எண்கோணம் 1920களில் வந்தது. அப்போது நிறம் மஞ்சள். சிவப்பு வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் வெயிலில் நிற்கிற சிவப்பு அப்போது கைவசம் இல்லை. அது 1954இல்தான் நடந்தது. அதனால் மஞ்சள் எண்கோணம் ஒன்றைப் பார்த்துவிட்டால் வேட்டைக்காரன் அன்றைக்குச் சாப்பிட மாட்டான். ஜப்பானில் இன்றும் நிறுத்தப் பலகை தலைகீழ் முக்கோணம். சாலைக் குறியீடுகளுக்கான 1968 வியன்னா ஒப்பந்தம் இரண்டு வடிவத்தை அனுமதிக்கிறது: ஒன்று சிவப்பு எண்கோணம், இன்னொன்று வட்டத்துக்குள் தலைகீழ் முக்கோணம். இரண்டாவதை நான் நேரில் பார்த்ததில்லை.

இன்று கிடைத்தது: பூஜ்யம். ஒரு நாய் மட்டும் அரை கிலோமீட்டர் துரத்தியது.

பிப்ரவரி 2, ஞாயிறு

மழை. வீட்டில் படம் அடுக்கும் வேலை.

தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். நாவல்தாவளம் என்ற இடத்துக்குக் காதம் (அந்தக் காலத் தூர அளவு) 29 என்று எழுதியிருக்கும். அதோடு விடவில்லை. கீழே பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது வெட்டியிருக்கிறார்கள். எழுத்து தெரியாதவன் குழியைத் தடவி எண்ணிக்கொள்ளலாம், இருட்டில்கூட. பாரிஸ் கூட்டத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே யாரோ ஒருவர் இதை யோசித்துவிட்டார். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்த்தியான சாலைப் பலகை கிடையாது. தீவட்டி வரைந்தவர் இவரிடம் வந்து பாடம் கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

தீவட்டிப் படத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரே கொண்டாட்டம். அண்ணன் எப்போதும் சொல்வது, படம் போடு, இடம் போடாதே. நான் இடம் போடவில்லை. ஆனால் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் தனியாகக் கேட்டார், ஆசையாகக் கேட்டார். சரி, ஒருத்தர்தானே என்று லொக்கேஷன் அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பலகை இல்லை.

முக்கோணம் அப்படியே நிற்கிறது. கீழே, பலகை இருந்த இடத்தில் கம்பத்தில் மட்டும் செவ்வகமாகத் துருவில்லாத ஒரு பட்டை. கொஞ்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் தரையில் தேடினேன், விழுந்திருக்குமோ என்று. விழவில்லை.

அந்தப் புதியவருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. என்ன நினைப்பேன்?

நாங்கள் யாரும் பலகையைத் தொடுவதில்லை. கம்பத்தில் நிற்கும் வரை அது சாலைக்குச் சொந்தம், கழற்றினால் திருட்டு. அதோடு, வரவேற்பறைச் சுவரில் மாட்டிய தீவட்டிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்குமா, வளைவு இருக்குமா? வெறும் தகடு. ஆனால் இதெல்லாம் பேச எனக்கு என்ன யோக்கியதை? வழி சொன்னவனே நான்தான். இத்தனை வருடம் அது பிழைத்திருந்ததற்கு ஒரே காரணம், யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆறு வாரத்தில் போய்விட்டது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. போல்ட்டை அறுக்கவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்து நட்டைக் கழற்றி, பலகையை எடுத்த பிறகு நட்டை மறுபடி அதே போல்ட்டில் மாட்டி முறுக்கியிருக்கிறார்கள். திருடன் இவ்வளவு ஒழுங்காக இருப்பானா?

பிப்ரவரி 25, செவ்வாய்

புதியவர் கூப்பிட்டார். வெளியூர் போயிருந்தாராம், இன்னும் அந்தப் பக்கமே போகவில்லையாம். நான் பேசிய தொனியிலேயே விஷயம் புரிந்துவிட்டது போல. “என்னையா சந்தேகப்படுறீங்க?” என்றார். இல்லை என்றேன். பொய்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். “அந்தப் பாட்டியைக் கேட்டியா?” என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

பாட்டி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாயைத் திறக்கும் முன்னால் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“தெரியும், தேடி வருவீங்கன்னு.”

பலகை வீட்டுக்குள் இருக்கிறது. கதவுக்குப் பின்னால், சாக்கில் சுற்றி, சுவரில் சாய்த்து. நாங்கள் நாடா வைத்து அளந்துவிட்டுப் போன மறுநாளே பேரனை விட்டு எண்ணெய் ஊற்றச் சொல்லியிருக்கிறார். நட்டு அசைந்து கொடுக்க நான்கு நாள் ஆனதாம்.

“அளந்துட்டுப் போறவன் அடுத்த தடவை தூக்கத்தானே வருவான்?”

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபது வருடமாக ஒரு ஆணியைக்கூட எடுத்ததில்லை என்று பெருமை பேசுகிறவர். எனக்கோ, அந்தப் புதியவரிடம் பேசிய பேச்சு நெஞ்சில் குத்தியது. வண்டியில் ஏறியதும் அவருக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்ப வேண்டும்.

பள்ளிக்கூடம் பாட்டி வீட்டுக்கு அடுத்த மேட்டில் இருந்ததாம். ஓட்டுக் கட்டடம், இரண்டே அறை. புதுச்சாலைப் பக்கம் பெரிய பள்ளி வந்ததும் மூடிவிட்டார்கள். இப்போது அடித்தளம்தான் மிச்சம். பாட்டி அங்கேதான் படித்தார், ஐந்தாவது வரை.

கம்பம் சாலைக்குச் சொந்தம், பலகை அங்கேயே நிற்பதுதான் முறை என்று அண்ணன் மெதுவாக எடுத்துச் சொன்னார். சாலை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம், பழைய பலகையை அதே இடத்தில் விட்டுவைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். பாட்டி யோசித்தார். “கம்பம் ஆடுது. முதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க, அப்புறம் தர்றேன்.” நியாயம்தான்.

படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சாக்கை விலக்கிப் பலகையை வாசல் வெளிச்சத்துக்கு அவரே நகர்த்தினார். யாரோ நன்றாகக் கழுவியிருக்கிறார்கள். தீவட்டி புத்தம்புதிதாக இருந்தது, அந்தப் பதினேழு தழும்பைத் தவிர.

கேமராவைச் சரிசெய்துகொண்டே, “பசங்க நல்லாக் குறி பார்த்து அடிச்சிருக்காங்க பாட்டி,” என்றேன்.

“பசங்களா?” என்றார். குனிந்து, சுடரின் உச்சியில் இருந்த தழும்பில் விரலை வைத்தார். “இது நான் அடிச்சது. அந்த மேட்டுல இருந்து.”

அப்புறம் விரல் கொஞ்சம் கீழே இறங்கியது. “இதுவும்.”

படத்தில் அந்த விரலும் விழுந்திருக்கிறது.