செவலையின் கால்

ஜூன் 3, கானாடுகாத்தான்

தெருமுனையில் பைக் ஒன்று செவலையை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஐந்து மாத நாய்க்குட்டி. பின்னங்கால் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து காரைக்குடி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரேயில் பெரிய எலும்பு சரிவாக முறிந்திருந்தது. பக்கத்து மெல்லிய எலும்பு முறியவில்லை, அதுவே அணை கொடுக்கும் என்றார் டாக்டர். முறிவுக்கு மேலே இருக்கும் மூட்டும் கீழே இருக்கும் மூட்டும் அசையாதபடி மாவுக்கட்டு. தொடையெலும்பாக இருந்தால் கட்டு உதவாதாம்; இடுப்பு மூட்டை அசையாமல் நிறுத்த முடியாது. கம்பியோ பிளேட்டோ வைத்து ஆபரேஷன்தான்.

ஜூன் 4

பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்தார். “தம்பி, முட்டைப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டினா கூடிருமேப்பா” என்றார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அந்த இறுக்கம்தான் எனக்குப் பயம். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது. அதற்குள் புதுத் திசு வளர்ந்து, குருத்தெலும்பாகி, அப்புறம் சுண்ணாம்புச் சத்து ஏறி எலும்பாகிறது. இத்தனைக்கும் ரத்த ஓட்டம் வேண்டும். இறுக்கினால் அதுவே நின்று கால் அழுகிவிடும். ஆச்சியிடம் பொறுமையாகச் சொன்னேன், சரி என்றார்.

கட்டுக்கு வெளியே நடு இரண்டு விரல்கள் மட்டும் தெரிகின்றன. நகங்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றால் நல்லது. விலகினால் உள்ளே வீக்கம். காலையும் மாலையும் அதைத்தான் பார்க்கிறேன். இன்று ஒட்டியே இருக்கின்றன, விரல்களும் வெதுவெதுப்பாக இருக்கின்றன.

ஜூன் 10

கட்டு மாற்றினார்கள். வளரும் குட்டிக்கு அடிக்கடி மாற்றவேண்டும், கால் நீள நீளக் கட்டு இறுக்கிப் பிடிக்கும்.

அங்கே மாடியிலிருந்து விழுந்த பூனை ஒன்று. இடுப்பெலும்பு முறிவு, ஆனால் அதிகம் விலகவில்லை. கூண்டில் வைத்து நடமாட்டத்தைக் குறைத்தாலே கூடிவிடும் என்றார் டாக்டர். வளர்ப்பவர் கையில் பாராசிட்டமால் அட்டை. டாக்டர் பதறி வாங்கி வைத்துக்கொண்டார். பூனையின் ஈரலால் அந்த மருந்தைச் சமாளிக்க முடியாது; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்துவிடும். ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடலாம். இதை எல்லோருக்கும் சொல்லவேண்டும்.

ஜூன் 19

வலி போய்விட்டது, ஓடத் துடிக்கிறாள். எலும்பு இன்னும் தயாராகவில்லை. இந்தக் கட்டம்தான் ஆபத்து. வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரை வேறு வழுக்குகிறது. பட்டாலைக் கூடம் முழுக்கச் சாக்கு விரித்திருக்கிறேன். கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். வேண்டாம், குட்டிக்கான சரிவிகித உணவு போதும், கூடுதல் கால்சியம் வளரும் எலும்பைக் கெடுக்கும் என்றார்.

ஜூலை 4

கட்டைப் பிரித்தாயிற்று. எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் புது எலும்பு பஞ்சு பொதிந்தது போல இருக்கிறது. வளர்ந்த நாயாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் பிடித்திருக்கும். கால் மெலிந்துவிட்டது, தடவினால் முறிந்த இடத்தில் ஒரு புடைப்பு தட்டுப்படுகிறது. அது மாதக்கணக்கில் தேய்ந்து பழைய வடிவுக்கு வருமாம். அதுவரை கயிற்றில்தான் நடை, மாடிப்படி கிடையாது. எலும்பு நுனியில் வளரும் பகுதி அடிபட்டிருந்தால் கால் கோணலாகலாம் என்பதால் அடுத்த மாதம் இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.