ஆடி மாதத்துக் கடலும் காடும் கிழக்கில்தான்

ஜூலை, ஆகஸ்ட் வந்தால் கொழும்பு வெள்ளவத்தையில் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாராவது வந்து இறங்காத வீடு குறைவு. வந்தவர்களை எங்கே கூட்டிப்போவது என்ற பேச்சு எழுந்தால் பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ என்று எல்லோர் வாயும் தெற்கே போகும். அதிவேக நெடுஞ்சாலை இருக்கிறது, கிட்ட இருக்கிறது, நல்ல ஹோட்டல்களும் நிறைய. எல்லாம் சரிதான். ஆனால் அந்த மாதங்களில் தெற்குக் கடல் இறங்கிக் குளிக்கிற கடல் அல்ல. வெள்ளவத்தைக் கடலோரத்து மரைன் டிரைவில் பின்னேரம் ஒருதரம் நின்று பாருங்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கற்களில் அலை மோதி, நீர்த்துளி ரயில் பாதை வரைக்கும் வரும். பெந்தோட்டையிலும் அதே காற்று, அதே கடல். விலை கூடின அறையில் இருந்துகொண்டு கரையில் சிவப்புக் கொடியைப் பார்ப்பதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டும்?

இந்த முறை டொரொன்டோவிலிருந்து மச்சாளும் மகளும் வருவதாகச் சொன்னபோதே கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பைதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மச்சாள் வாட்ஸ்அப்பில் பாலித் தீவுப் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார். மரத்தாலான குளியல் தொட்டி, வாழை மரங்களுக்கு நடுவே கட்டில், சாளரத்துக்கு வெளியே கடல். கடைசியில் குரல் பதிவொன்று: "எங்கட நாட்டில இப்பிடிக் கடலும் காடும் ஒரே இடத்தில கிடைக்குமோ?" கிடைக்கும் மச்சாள், இதைவிட நன்றாகவே கிடைக்கும்.

காரணம் காற்று. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது ஈரம் போய்ச் சூடாகிவிடும். கிழக்கு மக்கள் கச்சான் என்று சொல்லும் வறண்ட காற்று அதுதான். கொழும்பில் குடையோடு திரியும் அதே வாரத்தில் அறுகம்பைக்குப் பக்கத்துப் பொத்துவிலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், வானம் பளிச்சென்று இருக்கும். காடும் காய்ந்து, தண்ணீர் நிற்கிற இடம் தேடி மிருகங்கள் வெளியே வரும். இந்த மாதங்களில் கடலுக்கும் காட்டுக்கும் ஒரே நேரத்தில் நல்ல காலம் அமைவது இந்தக் கரையில்தான்.

அறை தேடுவதில்தான் அதிக நேரம் போனது. அறுகம்பையில் அலைச்சறுக்குக்காரர்களுக்கான மலிவுக் குடில் முதல் நீச்சல் குளம் வைத்த சிறு ஹோட்டல் வரை எல்லாம் இருக்கிறது. கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் மட்டும் காட்டுகிற இடங்களை நான் ஒதுக்கிவிட்டேன். வெப்பநாட்டு வீட்டின் அழகு எதில் இருக்கிறது என்பதை கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா இந்த நாட்டுக்குக் கட்டியே காட்டிவிட்டுப் போயிருக்கிறார்: உள்முற்றம், அகன்ற விறாந்தை, இறங்கிவரும் கூரை, வெளியே நிற்கும் மரத்தை வெட்டாமல் வீட்டோடு சேர்த்துக்கொள்வது. அதையே அளவுகோலாக வைத்துப் பார்த்தேன். கிடுகுக் கூரை, சீமெந்து மெழுகிய தரை, காற்று குறுக்கே ஓடும் விறாந்தை, மணலுக்கு இறங்க நாலு படி. அப்படி ஓர் இடம் கிடைத்ததும் பணத்தில் பெரிய பங்கை அங்கேயே போட்டேன். சாப்பாடு, வாகனம், மற்றதெல்லாம் எளிமையாக இருக்கட்டும் என்பது என் கணக்கு. அதற்கு முன்னர் முன்பதிவு செய்த வேறோர் இடம் கடைசி நேரத்தில் விலையைக் கூட்டிக் கேட்டது, விட்டுவிட்டோம். ஆடி மாதம் கூட்டம் கூடும் காலம் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்னரே எழுத்தில் உறுதி வாங்கி வைப்பது நல்லது.

கொழும்பிலிருந்து 320 கிலோமீற்றர் அளவில் வரும். நுகேகொடைக்கும் மஹரகமைக்கும் நாங்கள் தினமும் போய்வரும் ஹைலெவல் வீதிதான் ஏ4 நெடுஞ்சாலை. அதையே விடாமல் பிடித்துப் போனால் இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவில் வந்து, மட்டக்களப்பு வரை போகும். நாங்கள் வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, 2020 முதல் மத்தள வரை நீண்டிருக்கிற தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் போய், அங்கிருந்து வெல்லவாயவுக்கு ஏறினோம். தூரம் கூடினாலும் வளைவுகள் குறைவு, பிள்ளைகளுக்குத் தலைசுற்றாது. வழியில் மண்சட்டியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வாங்காமல் யாரும் வரக்கூடாது.

சியம்பலாண்டுவ தாண்டி லகுகல வந்ததும் சாரதி வேகத்தைக் குறைத்தார். அங்கே ஒரு சின்னத் தேசிய வனம் இருக்கிறது. வீதியோரக் குளத்தில் வளரும் புல்லுக்காக வறண்ட மாதங்களில் யானைகள் கூட்டமாக வரும். அன்று குட்டிகளோடு ஒரு கூட்டம் முழங்கால் தண்ணீரில் நின்றது. தும்பிக்கையால் புல்லைச் சுற்றிப் பிடுங்கி, வேரிலிருக்கும் சேறு போகத் தண்ணீரில் அடித்துக் கழுவி, அப்புறம்தான் வாயில் வைக்கின்றன. மச்சாளின் மகள் வானுக்குள்ளிருந்தே கேட்டாள், "மாமி, வேலியே இல்லையா?" இல்லை. ஆகவே கீழே இறங்கவும் கூடாது.

அறுகம்பையின் கடலைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. அலைச்சறுக்குக்கு உலகமே வரும் இடம். பழகாதவர்களுக்கு பேபி பொயின்ட் போதும். சற்று வடக்கே விஸ்கி பொயின்ட் இருக்கிறது. நீந்த மட்டும் விரும்புபவர்கள் மீன்பிடி வள்ளங்கள் நிற்கும் வளைவுப் பக்கம் கேட்டு விசாரித்து இறங்கலாம். பொத்துவில் களப்பில் மீனவர்களே கண்டல் காட்டுக்குள் வள்ளத்தில் கூட்டிப்போகிறார்கள். இயந்திரச் சத்தம் இல்லாமல் துடுப்புப் போட்டுப் போவதால் முதலை கரையேறிக் கிடப்பதைக்கூடக் கிட்டப் பார்க்கலாம். இந்த ஊர்களில் தமிழில் பேசி எல்லாம் முடித்துவிடலாம் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். விலை பேசுவதும் பேச்சு வளர்ப்பதும் சொந்த மொழியில் நடந்தால் பயணமே வேறு.

ஆனால் இந்தப் பயணத்தின் உயிர் தெற்கே போகும் வீதியில் இருக்கிறது. பாணமை ஊர் முடிந்ததும் தார் வீதி விட்டுப்போய், புழுதியும் முட்புதரும் பெரும் பாறைகளுமாக வரும். அறுகம்பையிலிருந்து சுமார் 30 கிலோமீற்றரில் உகந்தை. அதுதான் குமண தேசிய வனத்தின் வாசல். 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. நீண்டகாலம் யால கிழக்கு என்று அழைக்கப்பட்டது. அதிகாலை இருட்டில் ஜீப்பில் புறப்பட்டால் வாசல் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். உள்நாட்டுக் கட்டணத்துக்கு அடையாள அட்டை கட்டாயம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு, அதை முன்னரே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாலவில் ஒரு சிறுத்தைக்காக ஜீப்புகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் குமண வேறு உலகம். வில்லு என்று சொல்லும் சதுப்பு ஏரியின் ஓரத்தில் எங்கள் ஜீப் இயந்திரத்தை நிறுத்தியது. கரண்டிவாயன் பறவை ஒன்று ஆழமில்லாத தண்ணீரில் நடந்தபடி, பாதி திறந்த அலகை இடமும் வலமுமாக விசிறி விசிறி அளைந்தது. ஏதோ தட்டுப்பட்டதும் சட்டென்று மூடி, தலையைப் பின்னால் எறிந்து விழுங்கியது. அப்பால் மஞ்சள் மூக்கு நாரைகள், கூழைக்கடாக்கள், எருமைகள். மச்சாள் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்டிலிருந்து வெளியே வந்தால் உகந்தை மலை முருகன் ஆலயம். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கடல், நடுவே பாறைமேல் கோயில், மேலே ஏறினால் சுனைகள். முற்றத்தில் மயில்கள். ஆடிவேல் காலத்தில் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இங்கே தங்கித்தான் காட்டுக்குள் நுழைகிறார்கள். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து வருபவர்களும் உண்டு. எங்கள் கண்முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் அரிசிப் பொட்டலியைத் தலையில் வைத்து, வேப்பிலையைக் கையில் பிடித்து, "அரோகரா" என்று சொல்லி நடையைக் கட்டினார். குமணவைத் தாண்டி, கும்புக்கன் ஓயாவைக் கடந்து, இன்னும் சில நாள் நடை. ஜீப்பில் வந்த எங்களைப் பார்த்துச் சிரித்து, "தண்ணி இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். இருந்த போத்தல் எல்லாம் கொடுத்தோம். ஆகவே ஜூலையில் போகிறவர்கள் ஜீப்பில் தண்ணீரும் பிஸ்கட்டும் கூடுதலாக ஏற்றிக்கொள்ளுங்கள். கோயிலுக்கு மாற்றுவதற்கு ஒரு வேட்டியும் சேலையும் பையில் இருக்கட்டும், கடற்கரை உடுப்போடு உள்ளே போகவேண்டாம்.

உடுப்பு என்றதும் ஒரு சொல். கடற்கரைக்கென்று இறக்குமதித் துணிகளை வாங்காமல் மருதமுனைக் கைத்தறிச் சாரம் எடுத்துப் போங்கள். அறுகம்பை இருக்கிற அதே அம்பாறை மாவட்டத்துத் தறியில் நெய்தது. தோளில் போர்த்தலாம், இடுப்பில் சுற்றலாம், மணலில் விரிக்கலாம், உப்புத் தண்ணீருக்கு நன்றாகத் தாங்கும். மச்சாள் டொரொன்டோவுக்குக் கட்டிக்கொண்டு போனதும் அதைத்தான்.

நாட்களை அடுக்கும்போது காட்டை முதலில் வையுங்கள். அதிகாலை எழும்பும் களைப்பும் புழுதியும் முன்னால் போய்விட்டால், பிறகு வரும் கடல் நாட்கள் முழுக்க ஓய்வுதான். ஒரு நாளுக்காவது எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

டிசம்பர் முதல் மார்ச் வரை வருகிறவர்கள் இதைத் தலைகீழாக மாற்றலாம். அப்போது கிழக்கில் மழை, தெற்கில் கடல் அமைதி. பெந்தோட்டையில் தங்கி, 1948 இல் பாவா வாங்கிப் பல பத்தாண்டுகள் வளர்த்த லுணுகங்கைத் தோட்டத்தைப் பார்த்து, அங்கிருந்து 1988 இல் உலக மரபுரிமையான சிங்கராஜ மழைக்காட்டுக்குக் கலவான வழியாகப் போகலாம். அட்டைக் கடியைத் தடுக்கும் காலுறையைக் கொழும்பிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.