14 மி.மீ.

அக்டோபர் 14
பாப்பாவின் இதயத்தில், மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் 14 மி.மீ. ஓட்டை. மூடத் தேதி வாங்கியாச்சு. காலையில் அவளுக்கு மூன்று தும்மல். எண்ணினேன்.

அக்டோபர் 15
ராத்திரி இருமல். ஜீவா சுரங்கப்பாதையில் தண்ணீர், ஆட்டோக்காரர் வரமாட்டேன் என்கிறார். கடைசியில் ஆட்டோவுக்கு வேலையே இல்லாமல் போனது. சளி இருந்தால் மயக்கம் கொடுக்க மாட்டார்களாம். "சரிம்மா, ரெண்டு வாரம் தள்ளிக்கலாம்" என்றார்கள் ஆஸ்பத்திரியில். கட்டிய பையைப் பிரித்தேன்.

அக்டோபர் 19
புளியில் கொட்டை எடுக்க உட்கார்ந்தேன். ஒன்றைப் பெரியவனின் ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் சரியாக 14. மற்றதையெல்லாம் பாப்பா பல்லாங்குழிக்கு அள்ளிக்கொண்டாள். அந்த ஒன்றை நான் கொடுக்கவில்லை.

அக்டோபர் 23
"தானா மூடிக்கும்னு சொல்றாங்களேம்மா" என்கிறார் அத்தை, பத்தாவது முறை. சின்ன ஓட்டை மூடிக்கொள்ளும், அத்தை. இது ஆறு வயதாகியும் மூடவில்லை, இதயத்தின் வலது பக்கம் பெரிதாகிக்கொண்டிருக்கிறது.

ஓட்டையை மூடும் கருவியில் ஒன்றை டாக்டர் அன்றைக்கு மாதிரிக்குக் கையில் கொடுத்தார். நிட்டினால் என்ற உலோகத்தில் கம்பி வலை. இரண்டு வட்டு, நடுவில் குட்டிக் கழுத்து. இழுத்தால் ஒடுங்கி நீள்கிறது, விட்டால் பழையபடி வட்டு. நாலு தடவை இழுத்தேன். தொடை ரத்தக்குழாயில் விட்ட டியூப் வழியாக இப்படி ஒடுங்கித்தான் போகுமாம். ஓட்டை இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வட்டு, இந்தப் பக்கம் ஒரு வட்டு. ஆட்டிப் பார்த்து, அசையாவிட்டால்தான் அதைப் பிடித்திருக்கும் கம்பியின் திருகைக் கழற்றுவார்கள். கவ்விப் பிடிக்க ஓட்டையைச் சுற்றிலும் விளிம்பு வேண்டும். விளிம்பு போதாவிட்டால் ஆபரேஷன்தான். மயக்கம் கொடுத்து, உணவுக்குழாய் வழியே எக்கோ பார்த்துத்தான் அதை முடிவாகச் சொல்வார்களாம்.

விளிம்பு. விளிம்பு.

அக்டோபர் 24
இரவு இரண்டு மணிக்கு இவர் போனில் படித்துக் காட்டுகிறார்: 1953இல் இதய-நுரையீரல் இயந்திரம் வைத்து முதன்முதலில் வெற்றிகரமாக மூடியதே இந்த வகை ஓட்டையைத்தானாம். அந்தப் பெண்ணுக்கு 18 வயது. தைரியம் சொல்கிறாராம். மார்பைத் திறந்துதானே மூடினார்கள் என்றேன். போனை அணைத்துவிட்டார்.

அக்டோபர் 31
தும்மல் இல்லை.

நவம்பர் 3
"நாளைக்கு ஒரே ஊசிதானே?" "ஒண்ணுதான்டா."

நவம்பர் 4
7.40. கொலுசைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார்கள்.

8.30. விளிம்பு பற்றி யாரும் வந்து சொல்லவில்லை. பர்ஸுக்குள் புளியங்கொட்டை.

9.15. கதவு திறந்தது. வேறு யார் பெயரோ.

10.20. போட்டாச்சு. விளிம்பு போதுமாம். இவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார்.

1.00. ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது. இவளுக்கோ இப்போதே இறங்கி ஓட வேண்டும். பல்லாங்குழி கேட்டு ஒரே அழுகை. ஒரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டே தட்டுகிறேன். இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்—