அழுகிற குழந்தையைக் கிடத்திவிட்டு வெளியே வரலாம்

பிறந்து இரண்டு வாரம் ஆனதும் குழந்தையின் அழுகை கூட ஆரம்பிக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சம். நான்கைந்து மாதத்தில் தானாக அடங்கிவிடும். பெரும்பாலும் சாயங்காலம்தான் தொடங்கும். பால் குடித்திருக்கும், துணி ஈரமில்லை, காய்ச்சலும் இல்லை. ஆனாலும் இரண்டு மூன்று மணி நேரம் வீறிடும். ஷேக்கன் பேபி சிண்ட்ரோம் என்கிற மூளைக்காயம் அதிகம் நடப்பதும் இந்த மாதங்களில்தான். அழுகையை நிறுத்த வழி தெரியாத ஆத்திரத்தில் யாரோ ஒருவர் குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடுகிறார்.

கைக்குழந்தையின் தலை, உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. அதைத் தாங்கும் வலு கழுத்துக்குக் கிடையாது. உலுக்கும்போது தலை முன்னும் பின்னும் வீசப்படும்; மண்டையோடு முந்திக்கொள்ள, உள்ளே மூளை பிந்தி வரும். மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே ஓடும் மெல்லிய சிரைகள் அந்த இழுப்பில் அறுந்து ரத்தம் கசியும். விழித்திரையிலும் கசியும். பிறகு மூளை வீங்கும். சில நொடிகள் போதும்; வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் போகலாம். இப்படி நடக்கலாம் என்று 1971-ல் எழுதியவர் இங்கிலாந்தின் நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச். இந்த அறிகுறிகளை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது என்று பின்னாளில் எச்சரித்தவரும் அவரேதான்.

மடியில் வைத்து மெதுவாக ஆட்டுவதாலோ, மேடுபள்ளமான ரோட்டில் ஆட்டோவில் போவதாலோ இது வராது. பயப்பட வேண்டியது வேறு. 'உரம் விழுந்திருக்கு' என்று சேலையில் போட்டு உருட்டுவது, 'குடல் ஏறியிருக்கு' என்று காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவது. தலை நிற்காத குழந்தைக்கு இரண்டுமே வேண்டாம். எந்தப் பாட்டி சொன்னாலும் வேண்டாம். பேச்சு மூச்சில்லாத குழந்தையை எழுப்பவும் உலுக்காதீர்கள். உள்ளங்காலைத் தட்டிப் பாருங்கள்.

அழும்போது பசி, ஈரம், காய்ச்சல் பார்த்த பிறகு கால் விரல்களையும் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் அம்மாவுக்குக் கொட்டும் முடி ஒன்று விரலில் சுற்றி இறுக்கியிருந்தால் விரல் சிவந்து வீங்கியிருக்கும். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

எதுவும் இல்லை, அழுகையும் நிற்கவில்லை, உங்களுக்குப் பல்லைக் கடிக்கும் அளவுக்குக் கோபம் வருகிறது என்றால் குழந்தையைத் தரையில் பாய் விரித்து மல்லாக்கக் கிடத்துங்கள். தலையணை, தளர்ந்த துணி பக்கத்தில் வேண்டாம். தூளியும் அந்த நேரத்துக்கு ஆகாது. கோபத்தில் ஆட்டும் கைக்கு வேகம் தெரியாது. அறையை விட்டு வெளியே வந்து முகம் கழுவுங்கள், யாருக்காவது போன் போடுங்கள். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் போதும். நம் வீடுகளில் 'பிள்ளையை அழ விட்டுட்டுப் போயிட்டா' என்று ஒரு பேச்சு வரும். வரட்டும். அழுவதால் குழந்தையின் மூளைக்கு ஒன்றும் ஆகாது. இதை அம்மாவுக்கு மட்டும் சொன்னால் பாதி வேலைதான். அப்பாவுக்கும், பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கும் பிரசவத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

உலுக்கிய பிறகு பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, பேதியோ காய்ச்சலோ இல்லாமல் வாந்தி, உச்சிக்குழி புடைப்பது, கண் ஒரு பக்கமாக நிலைகுத்துவது, வலிப்பு, மூச்சுத் திணறல் – இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தூங்கினால் சரியாகிவிடும் என்று தொட்டிலில் போடாதீர்கள். டாக்டரிடம் 'கட்டிலில் இருந்து விழுந்துட்டான்' என்று மழுப்ப வேண்டாம். சும்மா வாந்தி என்று நினைத்தால் மருந்து எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். உலுக்கியது தெரிந்தால் அப்போதே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், கண் டாக்டரை வைத்து விழித்திரையைப் பார்ப்பார்கள்.