பத்து வினாடி ஓட வேண்டிய எஞ்சின்

எங்கள் ராக்கெட் எஞ்சின் சோதனை. கவுண்ட்டவுன் முடிந்து ஒரு வினாடிகூட ஆகவில்லை. 'டொம்' என்று ஒரு சத்தம், கண்ட்ரோல் ரூம் ஜன்னல்கள் அதிர்ந்தன. கேமராவில் மஞ்சளாகத் தெரிய வேண்டிய தீயின் நடுவே பச்சை நிறம் பளிச்சிட்டது. எங்கள் எரியறையின் உட்சுவர் செம்புக் கலவை. தீயில் பச்சை தெரிந்தால் செம்பு எரிகிறது என்று அர்த்தம். எரியறை அழுத்தம் வரம்பைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் தானே வால்வுகளை மூடி, நைட்ரஜனை உள்ளே செலுத்தியது. பத்து வினாடி ஓட வேண்டிய எஞ்சின் 0.9 வினாடியில் நின்றுவிட்டது.

திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் எரிக்கும் சிறிய எஞ்சின் அது. குழாய்கள், வால்வுகள் எல்லாம் என் பொறுப்பு. அதனால் அந்தச் சத்தம் கேட்டதுமே வயிறு கலங்கிவிட்டது.

மிச்சமிருந்த ஆக்சிஜன் முழுக்க ஆவியாகும்வரை எஞ்சினைப் பொருத்தியிருந்த ஸ்டாண்டு பக்கம் யாரும் போகவில்லை. போன பிறகும் முதலில் போட்டோ மட்டும்தான். ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது என்று எங்கள் தலைமைப் பொறியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவசரத்தில் கழற்றினால் தடயம் போய்விடும். மறுநாள் கழற்றியபோது, எரியறைக்குள் மண்ணெண்ணெயையும் ஆக்சிஜனையும் தெளிக்கும் இன்ஜெக்டர் தட்டில் ஒரு பக்கத்துத் துளைகள் உருகி ஒன்றாகியிருந்தன. தட்டு முழுக்கக் கரி. விரலால் தேய்த்தால் மண்ணெண்ணெய்ப் பிசுக்கு.

இன்ஜெக்டரில்தான் தப்பு என்று பாதிப் பேர் முடிவே கட்டிவிட்டார்கள். எனக்கு அந்தப் பிசுக்கு உறுத்தியது. அளவீடுகளை மில்லிவினாடிக் கணக்கில் விரித்துப் பார்த்தோம். தீ மூட்டும் இக்னைட்டர் சரியாகப் பற்றியிருந்தது. மண்ணெண்ணெய் வால்வும் நேரத்துக்குத் திறந்திருந்தது. முதலில் திறக்க வேண்டிய ஆக்சிஜன் வால்வு மட்டும் சுமார் 200 மில்லிவினாடி தாமதம். அதற்குள் எரியறையில் மண்ணெண்ணெய் தேங்கிவிட்டது. ஆக்சிஜன் வந்து சேர்ந்ததும் மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. 'ஹார்டு ஸ்டார்ட்' என்பது இதுதான்.

ஆனால் அதே வால்வைத் திரவ நைட்ரஜன் விட்டுப் பலமுறை சோதித்திருந்தோம். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, ஆக்சிஜனைவிடக் குளிர்ச்சி. அப்போதெல்லாம் ஒழுங்காகத் திறந்த வால்வு இப்போது ஏன் தாமதித்தது?

விடை எங்கள் டெக்னீஷியன் அண்ணனிடம் இருந்தது. டெஸ்ட் அன்று ஒரு சென்சார் இணைப்பில் கசிவு. கவுண்ட்டவுனை 40 நிமிடம் நிறுத்தினோம். டேங்க் அழுத்தத்தை இறக்கிய பிறகு, அதை இறுக்கப் போனவர் அவர்தான். "தம்பி, அன்னைக்கு வெள்ளைப் பனி வால்வோட நிக்கல. மேல ஆக்சுவேட்டர் வரைக்கும் ஏறியிருந்துச்சு" என்றார். வால்வைத் திறந்து மூடும் பகுதிதான் ஆக்சுவேட்டர்.

அப்போதுதான் புரிந்தது. நைட்ரஜன் சோதனைகளில் வால்வு ஐந்து நிமிடம்தான் குளிரில் இருந்தது. ஆக்சுவேட்டரை இயக்கியது சாதாரண கம்ப்ரஸர் காற்று. எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அந்த ஈரம் உள்ளே உறைந்து பிஸ்டனைப் பிடித்திருக்கிறது. ஒரு வால்வை 40 நிமிடம் குளிரில் வைத்து இயக்கிப் பார்த்தோம், அதே தாமதம். காற்றுக்குப் பதில் உலர்ந்த நைட்ரஜன் கொடுத்ததும் தாமதம் மறைந்தது.

2010 ஏப்ரலில் இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட் தோற்றது நினைவுக்கு வந்தது. கடுங்குளிர்த் திரவங்களில் ஓடும் கிரையோஜெனிக் கட்டத்தின் எரிபொருள் பூஸ்டர் பம்ப் நின்றுபோனதுதான் காரணம். அதன் பிறகு மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ சோதனை மையத்தில், விண்வெளியில் இருக்கும் வெற்றிட நிலையை உண்டாக்கி அதில் எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். 2014 ஜனவரியில் ஜிஎஸ்எல்வி-டி5 வெற்றி. எங்கள் சோதனையில் விடுபட்டதும் அதுதான்: நிஜத்தில் வரக்கூடிய நிலைமை. கவுண்ட்டவுன் நிற்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

மூன்று மாற்றங்கள் செய்தோம். ஆக்சுவேட்டருக்கு உலர் நைட்ரஜன், சுற்றி ஒரு சின்ன ஹீட்டர். அப்புறம், ஆக்சிஜன் வால்வு திறந்துவிட்டது என்று சிக்னல் வராமல் மண்ணெண்ணெய் வால்வு அசையாது. இந்த மூன்றாவதை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். விட்டது என் தப்பு.

புது இன்ஜெக்டர் வர ஏழு வாரம் ஆனது. இந்த முறை வேண்டுமென்றே கவுண்ட்டவுனை 40 நிமிடம் நிறுத்திவைத்துவிட்டுப் பற்றவைத்தோம். பத்து வினாடியும் ஓடியது. பச்சை தெரியவே இல்லை. பாதுகாப்பு அனுமதி கிடைத்ததும் ஸ்டாண்டுக்குப் போன அண்ணன், வால்வைக் குனிந்து பார்த்துவிட்டு வாக்கி-டாக்கியில் கூப்பிட்டார்: "பனி ஹீட்டருக்குக் கீழேயே நின்னுடுச்சு தம்பி."