அட்டைல பொடி எழுத்துல இருக்கிற பேர்

போன மாசம் காய்ச்சல்னு ஒரு மாத்திரை போட்டேன், ரெண்டு மணி நேரம் கழிச்சு சளிக்குன்னு இன்னொரு அட்டையைப் பிரிக்கும்போதுதான் தற்செயலா பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், ரெண்டுலயும் பாராசிட்டமால். முன்னாடி பெருசா போட்டிருக்கிற பிராண்ட் பேர் ரெண்டும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு, உள்ள இருக்கிறது ஒரே சரக்கு. அளவு மீறினா லிவருக்கு ஆகாதுங்கிறதால அப்படியே வச்சுட்டேன்.

இதே பாராசிட்டமாலை அமெரிக்காவுல அசிட்டமினோஃபென்னு சொல்றாங்க. வேற மருந்துன்னே நெனச்சுட்டிருந்தேன் பல வருஷமா. கெமிக்கல் பேரு பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால், அதுல ஒருத்தர் ஒரு பக்கம் பிச்சு பாராசிட்டமால்னு ஒட்டிட்டாரு, இன்னொருத்தர் வேற பக்கம் பிச்சு அசிட்டமினோஃபென் ஆக்கிட்டாரு, அவ்ளோதான் கதை.

இந்தக் குழப்பம் வரக்கூடாதுன்னுதான் உலக சுகாதார நிறுவனம் மருந்துக்கெல்லாம் பொதுப்பேர் குடுக்குது, முதல் லிஸ்ட் வந்தது 1953ல. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வால் பகுதி. அட்டெனலால், மெட்டோபுரோலால், புரோபுரானலால்னு 'ஓலால்'ல முடிஞ்சா பீட்டா பிளாக்கர்ங்கிற வகை பிரஷர் மாத்திரை. எனலாபிரில், ராமிபிரில்னு 'பிரில்' வந்தா அது வேற வகை பிரஷர் மாத்திரை. 'வாஸ்டாட்டின்'னா கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. பேரைப் படிச்சாலே எந்தக் குடும்பம்னு தெரிஞ்சிடும், கிட்டத்தட்ட இனிஷியல் மாதிரி, ஆனா பின்னாடி வர்ற இனிஷியல்.

ரொம்ப நம்பிடவும் கூடாது. ஒமிபிரசோல், பான்டோபிரசோல் எல்லாம் வயித்து ஆசிட்டுக்கு, சரி, அப்போ அரிபிபிரசோலும் அதுக்குத்தான்னு நெனச்சா போச்சு, அது மனநோய்க்குக் குடுக்கிறது! அதோட வால் 'பிபிரசோல்', ஒரு 'பி' கூட இருக்கு. அந்த ஒரு எழுத்தைப் பார்க்காம நானே ஒரு தடவை பெரிய அறிவாளி மாதிரி விளக்கம் குடுத்திருக்கேன்.

இன்னொரு சிக்கல், குடும்பம் பெருகிப்போறது. மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது லேப்ல ஒரே மாதிரி தயாரிக்கிற எதிர்ப்புப் புரதம், அந்த வகை மருந்துக்கெல்லாம் ரிடுக்ஸிமாப் மாதிரி 'மாப்'னு முடிச்சிட்டிருந்தாங்க, எண்ணிக்கை கூடிக்கூடி ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கவும் 2021ல இனிமே புதுசுக்கு மாப் வேண்டாம்னு நாலு வாலா பிரிச்சுட்டாங்க. பழையது பழையபடியே இருக்கு.

தப்பான பேரைக்கூட மாத்தாம விட்டதும் உண்டு. ஆக்சிஜன்னா கிரேக்கத்துல ஆசிட்டை உண்டாக்குறதுன்னு அர்த்தம், எல்லா ஆசிட்லயும் இது இருக்குன்னு நம்பி பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே வச்ச பேரு. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல ஆக்சிஜனே கிடையாது. யாரும் பேரைத் தொடல.

ஆனா ஒரு தப்பும் செய்யாத ஜீனுக்கு பேர் மாத்தியிருக்காங்க, அதான் காமெடி. மார்ச்1னு ஒரு ஜீன். எக்செல்ல டைப் பண்ணி என்டர் தட்டினா அது மார்ச் மாசம் ஒண்ணாம் தேதி ஆயிடும். செப்ட்1 செப்டம்பர் ஆயிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளோட வர்ற டேபிள்லயே ஜீன் இருக்க வேண்டிய எடத்துல தேதி உக்காந்திருந்துச்சு. பேர் வைக்கிற கமிட்டியும் எவ்ளோதான் பொறுக்கும், 2020ல வந்த விதிமுறைல இந்த மாதிரி பேரெல்லாம் மாத்தியாச்சுன்னு சொல்லிட்டாங்க, மார்ச்1 மார்ச்எஃப்1 ஆச்சு, செப்ட்1 செப்டின்1 ஆச்சு.

எக்செல்ல அந்தத் தானா மாத்துற வேலையை ஆஃப் பண்ண ஆப்ஷன் வந்தது 2023ல.